ஸ்கோருக்குக் கையெழுத்திடும் முன்: கணிப்பு மாடல்களுக்கு ஒப்புதல் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கும், நிறுவன நிர்வாகிகளுக்கும், கொள்முதல் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

யார் கடனைக் கட்டாமல் விடுவார், எந்த மாணவர் படிப்பைப் பாதியில் நிறுத்துவார், எந்த வாடிக்கையாளர் அடுத்த மாதம் விலகுவார், எந்த விண்ணப்பத்தில் மோசடி இருக்கும், விடுதலையானவர்களில் யார் மறுபடி குற்றத்தில் ஈடுபடுவார் என்பதையெல்லாம் பழைய பதிவுகளை வைத்து முன்கூட்டிச் சொல்லும் மாடல்களைக் கட்டுவதும், பிறர் கட்டியவற்றைச் சரிபார்ப்பதும் எங்கள் வேலை. அவை நடைமுறைக்கு வருவதற்குக் கடைசியாகத் தேவைப்படுவது உங்கள் கையெழுத்து. உங்கள் மேசைக்கு வரும் கோப்பில் ஒரு சதவீதம் இருக்கும், ஒரு வரைபடம் இருக்கும், தொழில்நுட்பக் குழு சரிபார்த்துவிட்டது என்று ஒரு வரி இருக்கும். எதைக் கணிப்பது, எந்த எண்ணில் கோடு கிழிப்பது, தவறு நேர்ந்தால் யார் தலையில் அது விழுவது என்ற மூன்று முடிவுகளும் அந்தக் கோப்புக்குள் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். பார்வைக்கு அவை தொழில்நுட்ப விவரம் போல இருப்பதால் யாரும் உங்களிடம் கேட்பதில்லை. கேட்காததால் பொறியாளர்களே எடுத்துவிடுகிறார்கள். அந்த அதிகாரம் எங்களுக்கு இல்லை. அதை நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறோம்.

முதலில் அந்தச் சதவீதத்தைப் பார்ப்போம். உங்கள் பட்டியலில் 10,000 பேர் இருக்கிறார்கள். அவர்களில் 200 பேர் மட்டுமே நீங்கள் தேடும் செயலைச் செய்யப்போகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். "யாருமே செய்யமாட்டார்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடலுக்கு 98 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும். அது ஒருவரையும் கண்டுபிடித்திருக்காது. இப்போது உழைத்துக் கட்டிய ஒரு மாடல் வருகிறது. 200 பேரில் 160 பேரை அது அடையாளம் காண்கிறது. மீதி 9,800 பேரில் பத்துக்கு ஒருவரை, அதாவது 980 பேரைத் தவறாகச் சுட்டுகிறது. இதன் துல்லியம் 89.8 சதவீதம்தான், எதையும் செய்யாத மாடலைவிடக் குறைவு. பட்டியலில் சிக்கியவர்கள் 1,140 பேர், அவர்களில் 160 பேர் மட்டுமே சரி. நூற்றுக்குப் பதினான்கு. ஏழு பேரை அழைத்து விசாரித்தால் ஆறு பேர் எதுவுமே செய்யாதவர்களாக இருப்பார்கள். மாடல் கெட்டுப்போய்விட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அரிதாக நடக்கும் ஒன்றைத் தேடினால் கணக்கு இப்படித்தான் வரும், எவ்வளவு கெட்டிக்காரர் கட்டினாலும்.

ஆகவே துல்லியம் என்ற ஒற்றை எண்ணை ஏற்காதீர்கள். நான்கு எண்ணிக்கைகளைக் கேளுங்கள்: சரியாகச் சுட்டப்பட்டவர், தவறாகச் சுட்டப்பட்டவர், தவறவிடப்பட்டவர், சரியாக விட்டுவிடப்பட்டவர். மேலே சொன்ன உதாரணத்தில் அவை 160, 980, 40, 8,820. சதவீதமாக வாங்க வேண்டாம். உங்கள் துறை ஓராண்டில் கையாளும் ஆட்களின் தலைக்கணக்காக வாங்குங்கள். 980 என்ற எண்ணை எழுத்தில் பார்த்த பிறகு எடுக்கும் முடிவு வேறு மாதிரி இருக்கும். சில விற்பனையாளர்கள் 0.85 போன்ற ஒரு மதிப்பைக் காட்டுவார்கள். செயலைச் செய்த ஒருவரையும் செய்யாத ஒருவரையும் குலுக்கல் முறையில் எடுத்தால், செய்தவருக்கு மாடல் அதிக ஸ்கோர் கொடுத்திருக்கும் வாய்ப்பு அது. 0.5 என்றால் நாணயம் சுண்டுவதற்குச் சமம். வரிசைப்படுத்தும் திறனை மட்டும் காட்டும் அளவு அது. எத்தனை நிரபராதிகள் பட்டியலில் வருவார்கள் என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

அடுத்து வருவதுதான் எங்கள் அனுபவத்தில் மிக அதிகத் தீங்கு விளைவிப்பது, மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும்கூட. மாடல் எதைக் கணிக்கிறது? "குற்றம் செய்வாரா" என்று கோப்பின் தலைப்பு சொல்லும். பயிற்சித் தரவில், அதாவது மாடல் கற்றுக்கொண்ட பழைய பதிவுகளில், இருப்பதோ "கைது செய்யப்பட்டாரா" என்ற பதிவு. இரண்டுக்கும் நடுவே காவல்துறை எங்கே ரோந்து போகிறது, யாரை நிறுத்திச் சோதிக்கிறது என்ற முழு உலகமும் இருக்கிறது. "மோசடி செய்வாரா" என்பது, விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்களில் மோசடி என்று முடிவுகட்டப்பட்டதா என்பதுதான். விசாரிக்கப்படாதவர் எல்லோரும் தரவில் நேர்மையாளர்களாக உட்கார்ந்திருப்பார்கள். "படிப்பை நிறுத்தினாரா" என்ற நெடுவரிசையில், வேறு பள்ளிக்கு மாறி அந்தத் தகவல் பதிவேறாத பிள்ளையும் படிப்பை விட்டவராகவே இருப்பார். கடனில்கூட, 12 மாதத்துக்குள் 90 நாள் தவணை தவறியவரா, 18 மாதத்துக்குள் 60 நாள் தவறியவரா என்பதைப் பொறுத்து "கெட்ட கடனாளி" பட்டியலில் இருக்கும் ஆட்களே மாறிவிடுவார்கள்.

இந்த இடத்தில் கோணலாகிவிட்டால் பிறகு எந்த அல்காரிதமும் அதை நிமிர்த்தாது. 2019-இல் சயின்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்பட்ட ஒரு மாடல், யாருக்குக் கூடுதல் மருத்துவக் கவனிப்பு தேவைப்படும் என்பதைக் கணிப்பதாகச் சொல்லப்பட்டது. அது உண்மையில் கணித்தது, யாருக்கு எவ்வளவு மருத்துவச் செலவாகும் என்பதை. கறுப்பின நோயாளிகளுக்கு அதே நோய்ச்சுமைக்குக் குறைவாகவே செலவிடப்பட்டு வந்ததால், அதே ஸ்கோர் பெற்ற வெள்ளையரைவிட அவர்கள் அதிக நோயுற்றிருந்தார்கள். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புக்குத் தானாகத் தேர்வாகும் குழுவில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த மாடலில் இனம் என்ற நெடுவரிசையே இல்லை. செலவைக் கணிப்பதில் அது பிழையும் செய்யவில்லை. கேட்கப்பட்ட கேள்விதான் தவறு.

எனவே ஒவ்வொரு மாடலுக்கும் இலக்கை ஒரே வாக்கியத்தில் எழுதி வாங்குங்கள். எந்த நிகழ்வு, எத்தனை நாளுக்குள், யார் பதிவு செய்கிறார், யாருக்கெல்லாம் அது பதிவாகாமல் போகும் என்ற நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். "விண்ணப்பதாரர் மோசடி செய்வார்" என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். "விண்ணப்பித்த 180 நாளுக்குள், விசாரணைப் பிரிவு நேரில் ஆய்வு செய்து தொகையைத் திரும்பப் பெற ஆணையிட்டிருக்கும், ஆய்வுக்கு எடுக்கப்படாத விண்ணப்பங்களின் உண்மை நிலை தெரியாது" என்று எழுதியிருந்தால் அது நேர்மையான இலக்கு. அதை மக்கள் முன் வாசித்துக் காட்டக் கூசுகிறதென்றால், அந்த மாடல் இன்னும் தயாராகவில்லை.

இதோடு ஒட்டியது, தரவில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நன்றாக வெந்து கிளறிய பானைக்குத்தான் பொருந்தும். கடன் கொடுக்கப்பட்டவர்கள் திருப்பிக் கட்டினார்களா என்பது தெரியும். மறுக்கப்பட்டவர்கள் கட்டியிருப்பார்களா என்பதற்குப் பதிவே கிடையாது. பழைய அதிகாரி யாரையெல்லாம் ஒதுக்கினாரோ அவர்களைப் பற்றி மாடல் எதுவும் கற்றிருக்காது, ஆனாலும் தயங்காமல் ஸ்கோர் போடும். நிரப்பப்படாத கட்டங்களையும் கேளுங்கள். வருமானக் கட்டம் காலியாக இருந்தால் சராசரி வருமானத்தை இட்டு நிரப்பியிருப்பார்கள். காலியாக விட்டவர்களில் பெரும்பாலோர் நிலையான வேலை இல்லாதவர்களாக இருந்தால், அந்தச் சராசரி அவர்களைப் பற்றிய ஒரு பொய்.

காலக்கோட்டைப் பற்றி ஒரு பொறியாளருக்கு எழுதுவதுபோல விரிவாகவே எழுதுகிறோம். சோதனையில் பளபளத்து, களத்தில் சரியும் மாடல்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். கணிப்புத் தேதி என்று ஒரு நாளை முதலில் நிர்ணயிக்க வேண்டும். அதற்கு முந்தைய, உதாரணமாக, 12 மாதத் தரவிலிருந்து மட்டுமே உள்ளீடுகள் வர வேண்டும். பிறகு ஒரு சிறு இடைவெளி, 30 நாள் என்று வையுங்கள். தரவு பதிவேறத் தாமதமாகும், நடவடிக்கை எடுக்கவும் நாள் பிடிக்கும். அதற்குப் பிந்தைய 90 நாளில் நிகழ்வு நடந்ததா என்று பார்க்க வேண்டும். இந்தக் கோட்டைத் தாண்டி எதிர்காலத் தகவல் பின்னோக்கிக் கசிந்தால் மாடல் விடையைப் பார்த்துப் பரீட்சை எழுதியதாகிவிடும். வாடிக்கையாளர் விலகலைக் கணிக்கும் மாடலில் "கணக்கை மூடும் பிரிவுக்குப் போன அழைப்புகள்" என்ற உள்ளீடு இருந்தால், அவர் ஏற்கெனவே கதவைத் திறந்துவிட்டார். "தற்போதைய நிலை" என்ற நெடுவரிசை இன்னும் ஆபத்தானது. பல தரவுத்தளங்கள் பழைய மதிப்பை அழித்துப் புதியதை எழுதுகின்றன. போன ஆண்டு ஜனவரியில் ஒருவர் எப்படி இருந்தார் என்று கேட்டால் இன்றைய நிலையையே எடுத்துக் கொடுக்கும். மாற்றங்கள் தேதியோடு சேமிக்கப்படாத அட்டவணையிலிருந்து கணிப்பு மாடல் கட்ட அனுமதிக்காதீர்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழிகள் உண்டு, அவற்றைச் செய்தார்களா என்று நீங்களே கேட்கலாம். அதிக வலு கொண்ட ஒரு நெடுவரிசையை நீக்கிவிட்டு மாடலை மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். மொத்தத் திறனும் சரிந்தால் அந்த நெடுவரிசை எப்போது, எப்படிப் பதிவாகிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். விடைகளைக் குலுக்கி மாற்றிப் போட்டு மாடலைப் பயிற்றச் சொல்லுங்கள், மேலே சொன்ன வரிசைப்படுத்தும் மதிப்பு 0.5-க்கு அருகில் வராமல் 0.6 வந்தால் சோதனை முறையிலேயே ஓட்டை இருக்கிறது. பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவைப் பிரிக்கும்போது சீட்டுக் குலுக்குவது போலப் பிரிக்கக் கூடாது. பழைய மாதங்களில் பயிற்சி, பிந்தைய மாதங்களில் சோதனை; களத்தில் மாடல் செய்யப்போவது அதைத்தான். ஒரே ஆளின் பல வரிசைகள் இரண்டு பக்கமும் சிதறிக் கிடந்தால் மாடல் நடத்தையைக் கற்காமல் ஆளையே மனப்பாடம் செய்துவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் மனித வாழ்க்கையைக் கணிப்பதில் ஓர் எல்லை இருக்கிறது. அதை எங்கள் துறை வெளியில் போதுமான அளவு சொல்வதில்லை. 2020-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஒரு கூட்டு முயற்சியின் முடிவுகள் வெளியாயின. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் குடும்பங்கள் பற்றி, குழந்தை பிறந்தது முதல் திரட்டிய 12,942 மாறிகளை, அதாவது விவரங்களை, வைத்து 160 குழுக்கள், குழந்தைக்கு 15 வயதாகும்போது பள்ளி மதிப்பெண், குடும்பத்தின் பொருளாதார நெருக்கடி, வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்களா என்பன போன்ற 6 விளைவுகளைக் கணிக்க வேண்டும். அவற்றில் மிகச் சிறந்த மாடல்களின் கணிப்பும் பலவீனமாகவே இருந்தது. நான்கே நான்கு மாறிகளை வைத்துக் கட்டிய சாதாரண மாடலைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். அமெரிக்க நீதிமன்றங்களில் பயன்படும் கோம்பாஸ் என்ற மறுகுற்ற மதிப்பீட்டு மென்பொருளை 2018-இல் இரு ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவரைப் பற்றி 137 விவரங்கள் வரை பயன்படுத்தக்கூடிய அந்த மென்பொருள் எட்டிய சுமார் 65 சதவீதத்தை, வயது, முந்தைய தண்டனைகளின் எண்ணிக்கை என்ற இரண்டை மட்டும் கொண்ட எளிய சமன்பாடும் எட்டியது.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு நடைமுறை வழி கிடைக்கிறது. விலை உயர்ந்த எந்த மாடலையும் வாங்கும் முன், மூன்று நான்கு வெளிப்படையான உள்ளீடுகளை வைத்து, காகிதத்திலேயே கூட்டிப் பார்க்கக்கூடிய ஒரு புள்ளி அட்டையைத் தயாரிக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே சோதனைத் தரவில் ஓட்டுங்கள். வித்தியாசம் சொற்பமாக இருந்தால் புள்ளி அட்டையே போதும். பாதிக்கப்பட்டவருக்கு விளக்கம் சொல்லவும் அது ஒன்றால்தான் முடியும்.

கட்-ஆஃப் பற்றி வருவோம். மாடல் தருவது 0 முதல் 1 வரை ஓர் எண். 0.5-க்கு மேல் என்றால் ஆம் என்று எழுதிவைப்பது மென்பொருளின் இயல்பான அமைப்பு. அந்த 0.5-ஐ யாரும் யோசித்து வைத்ததில்லை. எங்கே கோடு கிழிப்பது என்பது, இரண்டு வகைத் தவறுகளில் எது எவ்வளவு கொடியது என்ற தீர்ப்பு. தவறவிடுவதன் தீங்கு, வீணாக ஒருவரை அழைப்பதன் தீங்கைப் போல ஒன்பது மடங்கு என்று நீங்கள் கருதினால் கோடு 1/(1+9), அதாவது 0.1-இல் விழும். படிப்பை நிறுத்தக்கூடிய பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் கூடுதலாகப் பேசுவது என்றால் வீண் அழைப்பில் பெரிய கேடு இல்லை, கோட்டைத் தாழ்த்தலாம். ஒரு குடும்பத்தின் உதவித்தொகையை நிறுத்துவது என்றால் நிலைமை தலைகீழ். நிரபராதி ஒருவருக்கு நேரும் தீங்கு ஒன்பது மடங்கு என்றால் கோடு 0.9-க்கு ஏற வேண்டும். அந்த உயரத்தில் மாடலால் யாரையுமே சுட்ட முடியவில்லை என்றால், அந்த வேலைக்கு அது தகுதியற்றது என்பதே விடை.

ஆனால் இந்தக் கணக்கு செல்லுபடியாக, 0.3 என்று மாடல் சொல்லும் நூறு பேரில் உண்மையாகவே முப்பது பேர் அளவில் அந்தச் செயலைச் செய்திருக்க வேண்டும். ஸ்கோர்களைப் பத்து அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் கணித்தது எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று ஓர் அட்டவணை கேளுங்கள். பொதுவாக இது கெடும் இடம் ஒன்றுண்டு. 2 சதவீதமே நிகழும் ஒன்றைக் கற்பிக்க, பயிற்சித் தரவில் பாதிக்குப் பாதி என்று சமப்படுத்துவார்கள். அப்படிக் கற்ற மாடல் 0.5 என்று சொன்னால், திருத்திய பிறகு அதன் உண்மைப் பொருள் வெறும் 2 சதவீதம். திருத்தாமலே டேஷ்போர்டில் ஏற்றிவிட்டால், சராசரி மனிதர் ஒருவர் "50 சதவீத ஆபத்து" என்று சிவப்பில் தெரிவார். அதைப் பார்க்கும் அலுவலருக்கு வேறென்ன தோன்றும்?

நியாயம் பற்றிய கேள்விக்கு "சாதி, மதம், இனம், பாலினம் எதையும் மாடலுக்குக் கொடுக்கவில்லை" என்ற பதிலோடு திருப்தியடைந்துவிடாதீர்கள். வசிக்கும் இடம், பெயரின் எழுத்துகள், பள்ளி, கைபேசி வகை, வேலை இடைவெளி என்று பல நெடுவரிசைகள் சேர்ந்து அதே தகவலை மீட்டெடுத்துவிடும். நீக்கியதால் நேரும் ஒரே உறுதியான விளைவு, பாகுபாடு இருக்கிறதா என்று சோதிக்க முடியாமல் போவது. அந்தத் தகவலை மாடலுக்குக் காட்டாமல், தணிக்கைக்கு மட்டும் தனியே பூட்டி வையுங்கள். கோம்பாஸ் பற்றி 2016-இல் புரோபப்ளிகா என்ற அமெரிக்கப் புலனாய்வுச் செய்தி நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், பின்னர் குற்றமே செய்யாதவர்களில் அதிக ஆபத்து என்று தவறாக முத்திரை குத்தப்பட்டவர்கள் கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம், வெள்ளையரில் 23.5 சதவீதம். ஒரே ஸ்கோர் பெற்ற இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் மறுபடி கைதானார்கள், ஆகவே மாடல் நியாயமானது என்று தயாரித்த நிறுவனம் பதில் சொன்னது. இரண்டு கூற்றுகளுக்கும் தரவில் ஆதாரம் இருந்தது. பதிவான நிகழ்வு விகிதம் இரு பிரிவினருக்கும் வேறுபடும்போது, கணிப்பு குறையே இல்லாததாக இருந்தாலொழிய, இந்த இரண்டு வகை நியாயமும் ஒருசேர நிறைவேறாது என்பது அடுத்தடுத்து வந்த ஆய்வுகளில் கணித முறையில் நிறுவப்பட்டுவிட்டது. எந்த நியாயத்தைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று யாராவது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுத்தவரின் பெயரும் காரணமும் ஆணையில் இருக்கட்டும்.

கணிப்பதும் உதவுவதும் வெவ்வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். விலகும் வாய்ப்பு மிக அதிகமுள்ள வாடிக்கையாளர், என்ன செய்தாலும் போகப்போகிறவராக இருக்கலாம். எதுவும் செய்யாவிட்டாலும் தங்கக்கூடியவர் இன்னொருவர். சும்மா இருந்திருந்தால் தங்கியிருப்பவர், உங்கள் அழைப்பு வந்ததால் ஒப்பந்தம் முடியப்போவது நினைவுக்கு வந்து விலகுவதும் உண்டு. பேசினால் மனம் மாறுபவர்கள் ஒரு சிறு பகுதியினரே. பள்ளியிலும் மருத்துவமனை முன்பதிவிலும் இதே கதைதான். உங்கள் நடவடிக்கை பலன் தருகிறதா என்று அறிய ஒரே நம்பகமான வழி, ஆபத்துப் பட்டியலில் ஒரு பகுதியை, உதாரணமாகப் பத்தில் ஒருவரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, வழக்கமான சேவையை மட்டும் கொடுத்து ஒப்பிடுவது. உயிருக்கோ வாழ்வாதாரத்துக்கோ ஆபத்து வரும் இடத்தில் இப்படி உதவியை நிறுத்திவைக்கக் கூடாது. அங்கே எந்த வகை உதவி முதலில் என்பதைக் குலுக்கலாம். இந்த ஒப்பீடு இல்லாத மாடலுக்கு இன்னொரு கேடும் வரும். உதவி பெற்றுத் தேறியவர்கள் அடுத்த ஆண்டுத் தரவில் "ஆபத்து இல்லாதவர்கள்" என்று பதிவாவார்கள். அதிலிருந்து மறுபடி கற்கும் மாடல், உதவி தேவைப்பட்டவர்களையே பாதுகாப்பானவர்கள் என்று எண்ணத் தொடங்கும்.

இதன் மறுமுனை இன்னும் கொடியது. மாடல் சுட்டிய இடத்துக்குக் காவலர் போகிறார். போன இடத்தில் கைது நடக்கிறது. அந்தக் கைது தரவாகிறது. மாடல் அதே இடத்தை இன்னும் உறுதியாகச் சுட்டுகிறது. 2016-இல் இரு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரப் போதைப்பொருள் வழக்குப் பதிவுகளை, காவல்துறைக்கென வெளியிடப்பட்டிருந்த ஒரு கணிப்பு அல்காரிதத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். பொதுச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி போதைப்பொருள் பயன்பாடு நகரமெங்கும் பரவியிருந்தது; அல்காரிதமோ ஏற்கெனவே காவல் மிகுந்த, கறுப்பினத்தவரும் ஏழைகளும் வாழும் பகுதிகளுக்கே திரும்பத் திரும்ப அனுப்பியது. இந்தச் சுழலை உடைக்க, ஆய்வு செய்யும் விண்ணப்பங்களில் அல்லது இடங்களில் ஒரு நிலையான பங்கு, 5 முதல் 10 சதவீதம், ஸ்கோரைப் பார்க்காமல் குலுக்கலில் தேர்வாக வேண்டும். அந்தப் பங்கிலிருந்து வரும் பதிவுகள்தான் உண்மை விகிதத்தைச் சொல்லும். "நேரம் வீணாகிறது" என்று இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்ட விடாதீர்கள்.

மாடல் பழசாவது பற்றிச் சுருக்கமாக. மக்கள் மாறுகிறார்கள், படிவங்கள் மாறுகின்றன, விதிகள் மாறுகின்றன. தேடல் சொற்களை வைத்துக் காய்ச்சல் பரவலைக் கணித்த கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ் 2008-இல் தொடங்கியது. 2009-இல் பன்றிக் காய்ச்சலின் முதல் அலையைத் தவறவிட்டது. 2012-13 குளிர்காலத்தில் உண்மையைவிட ஏறத்தாழ இரு மடங்காகச் சொன்னது. 2015-இல் மதிப்பீடுகளை வெளியிடுவது நின்றது. உங்கள் மாடலின் உள்ளீடுகள் பயிற்சிக் காலத்திலிருந்து எவ்வளவு விலகிவிட்டன என்று மாதந்தோறும் அளக்கச் சொல்லுங்கள். இந்த விலகலை அளக்கக் கடன் துறையில் வழக்கமான நிலைத்தன்மைக் குறியீடு 0.1-க்குள் இருந்தால் நிம்மதி, 0.25-ஐத் தாண்டினால் மாடலை நிறுத்திவைத்து மறுபரிசீலனை செய்வது நல்லது.

"இறுதி முடிவு மனிதர்தான் எடுக்கிறார்" என்ற வரி எல்லாக் கோப்பிலும் இருக்கும். ஒரு நாளில் 200 கோப்புகளைப் பார்க்கும் அலுவலருக்கு, திரையில் சிவப்பாக ஒளிரும் எண்ணுக்கு எதிராக எழுத என்ன தூண்டுதல் இருக்கிறது? மறுத்து எழுதினால் விளக்கம் கேட்கப்படும். ஏற்றுக்கொண்டால் யாரும் கேட்கமாட்டார்கள். ஸ்கோரைக் காட்டும் முன் அலுவலரின் சொந்த மதிப்பீட்டைப் பதிவு செய்யும்படி திரையை அமைக்கலாம். ஸ்கோரை அலுவலர்கள் எத்தனை முறை மறுத்தார்கள் என்பதை மாதாமாதம் பாருங்கள். அந்த எண்ணிக்கை பூச்சியமாக இருந்தால் மேற்பார்வை என்று ஒன்று நடக்கவில்லை.

இவையெல்லாம் சேர்ந்து தவறினால் என்ன ஆகும் என்பதை நெதர்லாந்து பார்த்துவிட்டது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடியைத் தேடிய வரித்துறையின் ஆபத்து மாடலில் டச்சுக் குடியுரிமை உண்டா இல்லையா என்பதும் ஓர் உள்ளீடாக இருந்தது. ஆயிரக்கணக்கான பெற்றோர் தவறாக மோசடிக்காரர்களாக நடத்தப்பட்டு, பெருந்தொகைகளைத் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டார்கள். 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2020 பிப்ரவரியில், நலத்திட்ட மோசடியைக் கணிக்கும் சிரி (SyRI) என்ற இன்னொரு அரசுத் திட்டத்தை, தனிவாழ்வு உரிமைக்கு எதிரானது என்று ஹேக் மாவட்ட நீதிமன்றம் நிறுத்தியது. ஆஸ்திரேலியாவின் ரோபோடெட் திட்டத்தில் இருந்தது கணிப்பு மாடல்கூட இல்லை. ஆண்டு வருமானத்தை இருவாரத் தவணைகளாகச் சமமாகப் பங்கிட்டு, அந்தச் சராசரி உதவிபெற்றவர் சொன்ன கணக்கோடு பொருந்தாவிட்டால் அவரைக் கடனாளி ஆக்கியது. பருவ வேலை செய்பவரின் வருமானம் எந்த இரு வாரத்திலும் சராசரியாக இருப்பதில்லை. தான் கடன்படவில்லை என்று நிரூபிக்கும் சுமை முழுதும் அவர்மேலேயே விழுந்தது. 2023-இல் அரச ஆணையம் அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

சட்டமும் நகர்கிறது. ஒருவர்மேல் பெரிய விளைவை ஏற்படுத்தும் முடிவை முழுக்க இயந்திரமே எடுப்பதை ஐரோப்பிய ஒன்றியத் தரவுப் பாதுகாப்பு விதியின் 22-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. கடன் கொடுப்பவர் பெரிதும் ஸ்கோரையே சார்ந்து முடிவெடுத்தால், ஸ்கோர் போடுவதே அத்தகைய முடிவுதான் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஒருவரைப் பற்றிய விவரத்தொகுப்பையோ அவரது ஆளுமைப் பண்புகளையோ மட்டுமே வைத்து அவர் குற்றம் செய்வார் என்று மதிப்பிடுவதற்கு அங்கே 2025 பிப்ரவரி முதல் தடை நடைமுறையில் இருக்கிறது. உங்கள் நாட்டின் சட்டம் இன்னும் அங்கே போகாமல் இருக்கலாம். சட்டம் வரும்வரை ஒப்புதல் ஆணையின் வாசகம்தான் மக்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு.

ஆகவே அந்த ஆணையோடு ஒரு பக்கம் இணைக்கும்படி கேட்கிறோம். இலக்கு வாக்கியம், தலைக்கணக்கில் நான்கு எண்ணிக்கைகள், கட்-ஆஃபும் அதற்கான தீங்குக் கணக்கும், பிரிவுவாரியான தவறு விகிதங்கள், புள்ளி அட்டையோடு ஒப்பீடு, குலுக்கல் பங்கின் அளவு, மாதாந்திரக் கண்காணிப்புக்குப் பொறுப்பானவரின் பதவி ஆகியவை அதில் இருக்கட்டும். சுட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் அவருக்குப் புரியும் மொழியில் மூன்று விவரங்கள் எழுத்தில் போக வேண்டும்: உங்களை மதிப்பிட ஒரு மாடல் பயன்பட்டது, உங்கள் ஸ்கோரை உயர்த்திய முதன்மையான காரணங்கள் இவை, இந்தத் தரவு தவறென்றால் இத்தனை நாளுக்குள் இந்த அலுவலரிடம் சொல்லுங்கள். முறையீடு முடியும்வரை பணமோ சேவையோ நிறுத்தப்படக் கூடாது. முறையீடுகளில் எத்தனை வென்றன என்ற எண்ணிக்கை மாடலைக் கட்டியவர்களுக்கும் திரும்பி வர வேண்டும். எங்களுக்கு அது எந்தச் சோதனைத் தரவையும்விடப் பயனுள்ளது.

ஆணையில் காலாவதித் தேதி ஒன்றும் வேண்டும். 12 மாதம் போதும். அந்தத் தேதியில் யாரும் புதுப்பிக்காவிட்டால் ஸ்கோர் திரையிலிருந்து தானாக மறையும்படி மென்பொருளிலேயே அமைக்கலாம். ஒரு நாள் வேலைதான், கேட்டால் செய்து தருவோம்.

இப்படிக்கு,
கணிப்பு மாடல்களைக் கட்டும், சரிபார்க்கும் பணியில் இருப்போர்